லோதி தோட்டத்தில் ஓவர்டேக்

போன வாரம் ஒரு நாயை ஓவர்டேக் செய்துவிட்டேன். சிரிக்காதீர்கள். அது சாதாரண நாய் இல்லை.

என் கணவருக்குச் சர்க்கரை. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "தினம் வேகமா நடக்கணும், வேர்க்கணும். இல்லேன்னா இனிமே ஊசிதான்." ஊசி என்றாலே நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்கிற மனிதர் இவர்.

எங்கே நடப்பது? லோதி ரோட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கினால் பஸ் புகை. பின்பக்கம் போனால் வரிசையாக அங்கீட்டிகள் – காலை டீக்காகப் பற்றவைத்த கரி அடுப்புகள். குளிர்காலத்தில் எல்லாப் புகையும் பனியோடு சேர்ந்து தலைக்கு மேலேயே நிற்கும். மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பு!

நல்ல வேளை, பக்கத்திலேயே லோதி தோட்டம். புல்வெளி, வேப்ப மரம், கிளிக் கூட்டம்... டெல்லியில் மூச்சு விட ஒரு இடம்.

இவரும் தினம் போய்வந்தார். ஒரு சொட்டு வேர்வை இல்லை! சட்டை இஸ்திரிகூடக் கலையவில்லை. சந்தேகம் வந்து ஒருநாள் நானும் கூடப் போனேன்.

நடையா அது? ஊர்வலம்! முன்னால் இவருடைய ஜாயின்ட் செகரட்டரி. பின்னால் டெபுடி செகரட்டரி. அவருக்குப் பின்னால் அண்டர் செகரட்டரி. கடைசியில் செக்‌ஷன் ஆபீசரான என் கணவர். அத்தனை பேரும் அடிமேல் அடி வைத்து ஊர்ந்துகொண்டிருந்தார்கள்.

"வேகமா நடங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"மெதுவாப் பேசுளா! ஜே.எஸ்.ஸ எப்படி முந்துறது? மரியாதையா இருக்குமா?" என்று கிசுகிசுத்தார். பதற்றம் வந்தால் இவருக்குத் திருநெல்வேலி தானாக வந்துவிடும்.

சரி, ஜே.எஸ். ஏன் ஊர்கிறார்? எட்டிப் பார்த்தேன். அவருக்கு முன்னால் ஒரு அல்சேஷன். அவருக்கும் மேலே இருக்கிற செகரட்டரி வீட்டு நாயாம்! சங்கிலியைப் பிடித்தபடி வேலையாள். நாய் ஒவ்வொரு மரமாக நின்று மோப்பம் பிடித்தது. அது காலைத் தூக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு இலாகாவே நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் ஊசிக்குப் பயந்து சாகிறார்... இங்கே நாய்க்கு மரியாதையா? நான் என்ன சர்க்கார் உத்தியோகமா பார்க்கிறேன்? புடவையைத் தூக்கிச் செருகினேன். அண்டர், டெபுடி, ஜாயின்ட், அல்சேஷன் – எல்லோரையும் தாண்டி விறுவிறுவென்று போனேன்.

"ஏளா, நில்லு! நில்லுன்னா நில்லேன்!"

இவர் பின்னாலேயே ஓடிவந்தார். "எக்ஸ்க்யூஸ் மீ சார்... ஒய்ஃப் சார்... தனியாப் போறா சார்..."

நிற்பேனா நான்? ஒரு முழுச் சுற்று ஓடவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வந்து சேர்ந்தவருக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"போச்சு! மானம், மரியாதை, பிரமோஷன் எல்லாம் போச்சு!" என்று மூச்சிரைத்தார்.

அதற்குள் ஜே.எஸ். எங்களை நோக்கி வந்துவிட்டார். இவர் விறைப்பாக எழுந்து நின்றார். ஜே.எஸ். ஒருமுறை திரும்பி, நாய் தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்கும் சுகர்தாம்மா. நாளைக்கு என் ஒய்ஃபை அழைச்சுண்டு வரேன். நீங்க அவளை இழுத்துண்டு முன்னால ஓடிடுங்கோ... நான் பின்னாலேயே துரத்திண்டு வந்துடறேன்!"