பாதிப் பாலம் கேட்டவர்

போன ஞாயிற்றுக்கிழமை டிக்கோயாவில் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு நடந்து போனேன். எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு 'எமது தொகுதியின் வரலாறு' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் வேறு எதைக் கேட்பார்கள்?

கட்டுரை ஏறக்குறைய முடிந்திருந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு எங்கள் மலையகச் சனங்களின் குடியுரிமையும் வாக்கும் பறிபோன கதை. அதன்பிறகும் எங்கள் தலைகளைச் சேர்த்து எண்ணித்தான் தொகுதிகளைப் பிரித்தார்கள் – எண்ணுவதற்கு நாங்கள், வாக்களிப்பதற்கு வேறு ஆட்கள். பிறகு நுவரெலியாவையும் மஸ்கெலியாவையும் சேர்த்து, மூன்று உறுப்பினர்களுக்கு ஒரே பெரிய தொகுதி. பிறகு மாவட்டப் பட்டியல், விருப்பு வாக்கு. கடைசியில் பிரதேச சபைகளைப் பிரித்து, வட்டாரம் வட்டாரமாகக் கோடு கிழித்தது... எல்லாம் இருந்தது. பெயர் சொல்ல ஒரு மனிதர்தான் இல்லை.

அதனால்தான் செல்வராணியைத் தேடிப் போனேன். என்னிடம் படித்த பிள்ளை. இப்போது ஐம்பதை நெருங்குகிறாள், தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய அப்பா வீரையா பாதி ஆயுள் நாடற்றவராக இருந்தவர். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

முதன்முதலாக வாக்களித்துவிட்டு வந்த வீரையா, விரலில் பூசிய மை போய்விடக் கூடாது என்று குளிக்கும்போதும் இடது கையைத் தூக்கியே பிடித்திருந்தாராம். செல்வராணி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அவளுடைய கணவர் மாரியப்பன் இறந்து, சாவு வீட்டுக்குப் போய் வந்த பிறகு, அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நான் போனது அன்றுதான். அதுவும் துக்கம் விசாரிக்க அல்ல... கட்டுரைக்கு.

அந்த லயத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. தேயிலை மலையும் பஸ் போகிற ரோட்டும் அக்கரையில். கடைசியாகக் கோடு கிழித்தபோது, ஆற்றின் நடுவை எல்லையாக்கினார்கள். இக்கரை எங்கள் வாசிகசாலையும் சேர்ந்த சபை, அக்கரை வேறு சபை. போன பெருமழையில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போனது.

புதுப் பாலம் கேட்டு நானும் மாரியப்பனும் மனுவோடு இரண்டு சபைகளுக்கும் போனோம். இக்கரைச் சபையில், அக்கரையில் ஒரு கல் வைக்கவும் தங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். அக்கரைச் சபையில், பாலத்தைப் பாவிக்கிறவர்கள் தங்கள் வாக்காளர்கள் இல்லையே என்றார்கள். தோட்டத்து ஆபீஸில், இதெல்லாம் இப்போது சபையின் வேலை என்றார்கள். மறுபடியும் முதல் சபைக்கு வந்தோம். அதிகாரி வரைபடத்தை விரித்துக் கோட்டைக் காட்டினார்.

மாரியப்பன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப எங்க பக்கத்துக்குப் பாதிப் பாலத்தயாச்சும் போட்டுக் குடுங்கய்யா. மீதிய நாங்க எப்படியாச்சும் போட்டுக்கிறோம்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதிகாரி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது – மறைத்து என்ன பயன்?

பிறகு லயத்து ஆண்கள் இரண்டு மரங்களை வெட்டி ஆற்றின் குறுக்கே போட்டார்கள். ஒரு தூறல் காலையில் வேலைக்குப் போன மாரியப்பன் வழுக்கி விழுந்தார். தலை பாறையில் அடிபட்டது. கம்பளியில் கிடத்தி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார்.

நான் பேனாவை மூடியபோதுதான் செல்வராணி அதைப் பற்றிப் பேசினாள். குரலில் கோபமில்லை.

"அவரு போயி ஒரு மாசம் ஆகல சேர். கிராம சேவகர் ஐயா வந்தாரு, வாக்காளர் லிஸ்ட்டுல பேர வெட்டணும்னு. மழையில அந்த மரத்து மேலயே நடந்து வந்தாரு. நல்ல மனுசன், பாவம். பேர வெட்ட ஆள் வருது சேர்... பாலத்துக்குத்தான் யாரும் வரல."

இனிமேல் வாக்களிக்கப் போவாயா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"போகாம? லிஸ்ட்டுல பேரு இருந்தாத்தானே நாங்க உசுரோட இருக்கோம்னு தெரியும்."

அன்று மாலையே கட்டுரையின் கடைசியில் மாரியப்பனைப் பற்றி ஒரு பத்தி சேர்த்து அனுப்பினேன். வியாழக்கிழமை மலர்க்குழுச் செயலாளர் போன் பண்ணினார். கட்டுரை பிரமாதமாம், வீரையாவின் மை எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டார்களாம். விசாரித்துப் பார்த்ததில், மாரியப்பன் விழுந்த இடம் அக்கரைப் பக்கமாம் – நமது சபை எல்லைக்குள் வராதாம். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் வாதாடவில்லை. போனை வைத்துவிட்டு, அவர் விழுந்த பாறை உண்மையில் எந்தக் கரையில் சேரும் என்று நானும் ஒரு நிமிடம் யோசித்தேன்... அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வெட்கப்படுகிறேன்.