இரண்டு கைகளால் ஒரு முதலை

போன வாரம் என் குரல் அடியோடு போய்விட்டது. ஐந்து நாள் வாயே திறக்கக் கூடாதென்று டொக்டர் உத்தரவு. முப்பது வருடம் வகுப்பில் கத்திய ஒரு ரீச்சருக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? என் கணவர் முகத்திலோ... அப்படியொரு நிம்மதி.

மூன்றாம் நாள் காலை, கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரையில் நின்றேன். பக்கத்து வீட்டு யோசேப்பு அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நின்றார். அவருக்கு அப்பால், கொஞ்சத் தூரத்தில், தண்ணீருக்கு மேல் இரண்டு கண்கள். முதலை!

கத்தினேன். காற்றுத்தான் வந்தது. நல்லவேளை, அவரே கரைப்பக்கம் திரும்பினார். பதறிப்போய் முதலையை நோக்கிக் கையை நீட்டினேன்.

அங்கேதான் பிழை விட்டேன். வலை வீசும் நேரத்தில் எங்கள் கரையில் யாரும் சத்தம் போடுவதில்லை — மீன் கலைந்துவிடும். மீன் கூட்டத்தைக் கண்டவர் பேசாமல் கையை நீட்டிக் காட்டுவார். யோசேப்பு அண்ணனும் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, வலையைச் சரிசெய்துகொண்டு, நேரே முதலையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. முழங்கைகளை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு கைகளையும் முதலை வாய்போல அகலத் திறந்து, பட்டென்று மூடினேன். மறுபடியும். மறுபடியும். இடம் சரிதானா என்று திரும்பியவர், ஒரு கணம் என்னை விசித்திரமாகப் பார்த்தார்... பிறகு வலையை அப்படியே கைவிட்டுவிட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

"நான் மீனெண்டெல்லோ நினைச்சிட்டன் ரீச்சர்" என்றார்.

மனிதன் முதலில் கையால்தான் பேசினான், வாய்ப்பேச்சு பிறகு வந்தது என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். ஆனால் ஒன்று — போனில் வழி சொல்லும்போதுகூட, நம்மைக் காணாத ஆளுக்குக் கையை ஆட்டிக் காட்டுகிறோமே, அது ஏன்? எந்தக் காலத்திலோ, எந்த ஆற்றங்கரையிலோ, சொல்லே இல்லாத ஒருத்தி தன் ஆளைக் காப்பாற்ற இப்படிக் கையைத் திறந்து மூடியிருப்பாள். அவளுக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

அன்று பின்னேரம் யோசேப்பு அண்ணனின் மனைவி வந்தார். என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.