தண்ணீர் விடாத போத்தல்

உடுவில் பக்கத்து மிஷன் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகள். அவர்களுக்குச் சுகிர்தம் ரீச்சர். கணவர் துரைராஜா இறந்து நாலு வருடம். மகன் கெல்வின் கனடாவில். சனிக்கிழமை மத்தியானம் போன் எடுப்பான், நேரம் கிடைத்தால்.

விதை முளைக்கத் தண்ணீர் வேண்டுமா என்பது அந்த வாரப் பாடம். இரண்டு ஜாம் போத்தல், இரண்டிலும் பஞ்சு, பஞ்சின்மேல் பயறு. ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, மற்றதற்கு இல்லை. "வேறை எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேணும். ரெண்டும் ஒரே இடத்திலைதான் இருக்கவேணும்," என்று ரீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். வகுப்பறையில் எலித்தொல்லை என்பதால் வெள்ளிக்கிழமை இரண்டையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சனி மத்தியானம் போத்தல்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தன. கெல்வின் எடுக்கவில்லை. இரண்டு மணிவரை பார்த்திருந்துவிட்டு ஆறிய சோற்றைச் சாப்பிட்டார். தண்ணீர் குடிக்கும்போது எதிரே காய்ந்த பஞ்சில் கிடந்த பயறு கண்ணில் பட்டது. மனம் கேட்கவில்லை. தம்ளரில் மிச்சமிருந்ததை அதற்குள் ஊற்றிவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்!

திங்கள் காலை உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் ஹன்னா போத்தலை எட்டிப் பார்த்துத் துள்ளினாள்.

"ரீச்சர், தண்ணியில்லாமல் முளைச்சிட்டுது! நேற்றுக் கோயிலிலை நான் அதுக்காக ஜெபிச்சனான்!"

வகுப்பே கைதட்டியது. பேசாமல் இருந்திருக்கலாம். மிஷன் பள்ளியில் அற்புதம் நடந்தால் யார் குறைசொல்லப் போகிறார்கள்? பள்ளி அதிபரே காலைக் கூட்டத்தில் சொல்லி மகிழ்ந்திருப்பார். ஆனால் முப்பது வருடம் படிப்பித்த வாய் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவருக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

"இல்லைப் பிள்ளை. நான்தான் தண்ணி விட்டனான்."

"ஏன் ரீச்சர்? விடக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"பாவமாய்க் கிடந்தது. வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லை."

ஹன்னா முளைத்த பயறை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப திரும்பச் செய்வம். ஆனா இந்தமுறை உங்கடை வீட்டை வேண்டாம் ரீச்சர். நீங்கள் பேந்தும் விட்டிடுவீங்கள். நான் கொண்டுபோறன்."

"சரி. காய்ஞ்சதை நீ கொண்டுபோ. மற்றதை நான் வைச்சிருக்கிறன்."

"ஏலாது ரீச்சர். ரெண்டும் ஒரே இடத்திலை இருக்கவேணுமெல்லோ?"

பாடம் நன்றாகத்தான் ஏறியிருந்தது. ரீச்சருக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஹன்னா புதுப் பயறு போட்ட இரண்டு போத்தலையும் அணைத்துக்கொண்டு தகப்பனின் மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் கெல்வின் எடுத்தான்.

"என்னம்மா, ஊரிலை ஏதும் புதினம் இருக்கோ?"

ரீச்சர் மேசையைப் பார்த்தார். ஒரு தட்டும் ஒரு தம்ளரும் மட்டும் இருந்தன.

"ஒண்டுமில்லையப்பு," என்றார்.