சித்தி குடிக்காத கஷாயம்

ஆடாதொடை இலை கொதிக்கும் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசித் தெருக்களில் நாள்பூரா "சாரல்" அடித்து, கொடியில் போட்ட துணி காயாமல் வீடெங்கும் ஈர வாடை வீசும் அந்த மாதங்களில்தான் அப்பாவுக்கு மூச்சு வாங்கி "இழுப்பு" வரும். ஐம்பதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதில், அம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு இளைய தாரமாக வீட்டுக்கு வந்த சித்திதான் சாயங்காலந்தோறும் கஷாயம் போட்டாள். அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

எதிர்வீட்டுப் பினாங்கு மாமா, சண்டைக் காலத்தில் மலாயாவில் ஜப்பான்காரர்களிடம் குமாஸ்தாவாக இருந்து அந்தப் பாஷையைப் படித்துக்கொண்டவர். அட்டை போன ஒரு ஜப்பான் துப்பறியும் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தமிழில் சொல்லுவார். ஒரு பெரிய வீட்டு எஜமான் மருந்து குடிக்கக் குடிக்க மெலிந்துகொண்டே போகிறார். கசப்பு மருந்தில் விஷம் கலந்தால் நாக்குக்குத் தெரியாது. துப்பறிகிறவன் அவருடைய இளைய தாரத்தைக் கூப்பிட்டு, "நீ ஒரு வாய் குடி" என்கிறான். அவள் கிண்ணத்தைத் தொட மறுக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி, "மிச்சத்த வந்து சொல்லுதேன்" என்றுவிட்டு மாமா ஒரு கல்யாணத்துக்காகக் காயல்பட்டினம் போய்விட்டார்.

நான் சும்மா இருப்பேனா? மறுநாளே, "சித்தி, நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றேன்.

"நல்லா இருக்கே! உங்கப்பாவுக்கு உள்ளத நான் எச்சி பண்ணவாட்டி?" என்று தம்ளரை என் கையில் திணித்தாள்.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். குழம்புக்கு உப்பைக்கூட வாசனையிலேயே பார்த்தவர்கள் அவர்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் தலைக்குள் ஜப்பான்காரன் உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து தினமும் கஷாயத்தைப் பாத்திரம் கழுவும் "அங்கண"த்தில் ஊற்றிவிட்டு, வேப்பிலையைக் கசக்கி வெந்நீரில் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். மூக்கடைப்போடு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவரால் படுக்க முடியவில்லை. நெஞ்சு விசிலடிக்க, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். முன்பு குடித்த விஷம் இப்போது வேலை செய்கிறது என்றே நினைத்தேன். அம்மாவைப் போல இவரும் போய்விடுவார், இவளோடு நான் தனியாகக் கிடக்கப்போகிறேன் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள், அப்பா குடித்துவிட்டுக் கொடுத்த தம்ளரைச் சித்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் பச்சையாகக் கசண்டு. "துணில வடிகட்டுனதுல கசண்டு ஏது?" என்றவள், மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஜப்பான்காரி கிண்ணத்தைத் தொட மறுத்தது வரை எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

அடி விழும் என்று நின்றேன். அவள் வேறொரு தம்ளரில் கஷாயத்தை ஊற்றி, உதடு வைத்துப் பாதியைக் குடித்து, முகத்தைச் சுளித்து, மீதியை என்னிடம் நீட்டினாள். "எச்சிதான். பரவால்ல. ஓடு, அங்கன மூச்சு முட்டிக் கிடக்காவ."

அப்பா தேற ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க, நான் கேட்காமலே, என் கண் முன்னால் ஒரு வாய் குடித்த பிறகுதான் தம்ளரைக் கொடுத்தாள். மாமா ஊரிலிருந்து வந்து மிச்சக் கதையைச் சொன்னார்: விஷம் வைத்தவன் வைத்தியன். "அந்தப் பொண்டாட்டி பாவம்ட்டி" என்றார். நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

சித்தி இதை அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஏன் என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "நீ அவுகளக் காப்பாத்தத்தான பார்த்த" என்றாள்.

அப்பா இல்லை, சித்தியும் இல்லை. வேலியோரத்து ஆடாதொடை போய், மாமா வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. ஜப்பான் துப்பறியும் நாவல்கள் இப்போது புத்தகக் கடையிலேயே கிடைக்கின்றன, நானும் வாங்குகிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். "சப்புன்னு போயிருமே" என்று பேத்தி சிரிக்கிறாள். போகட்டும். யார் குற்றவாளி இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் முதல் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.