எக்ஸ்ரேயில் தெரியாத டேப்

துணுக்காயிலிருந்து வந்த தவமலர் கதிரையில் இருக்கவில்லை. நின்ற நிலையிலேயே, "டொக்டர், எனக்குள்ள கிடக்கிற செல் பீஸை எடுத்துவிடுங்கோ. இல்லாட்டி என்ர குடும்பம் குலைஞ்சு போடும்" என்றா. முல்லைத்தீவில் பெண்கள் கிளினிக் ஒன்றில் நான் வேலை செய்த காலம். வெளியில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பொறுமை மட்டு. முதலில் இருங்கோ, பிறகு கதையுங்கோ என்று கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

அவாவின் கையில் ஒரு கட்டு எக்ஸ்ரே. எல்லாப் படத்திலும் இடுப்பெலும்புக்குக் கிட்ட வெள்ளையாக ஒரு துண்டு. சண்டைக் காலத்துச் செல்லடியில் ஏறின எறிகணைத் துண்டு, அதுதான் பீஸ். வன்னியில் இது புதினமே இல்லை. வயிறு நொந்தாலும் முதுகு நொந்தாலும் சனம் பீஸில்தான் பழியைப் போடும். படத்தில் வேறு அது பளிச்சென்று தெரியும், பிறகு வேறு காரணத்தை ஆர் தேடுவது? தவமலருக்கும் போன இடமெல்லாம் ஒரே பதில்தான். பழைய பீஸ், எடுக்கப் போனால் ஆபத்து, வலிக்குளிசையைப் போடுங்கோ.

எனக்கு ஒன்று இடித்தது. இவ்வளவு காலம் சும்மா கிடந்த இரும்பு இப்போது ஏன் குத்த வேண்டும்? ஒப்பரேசன் ஏதும் செய்ததா என்று கேட்டேன். சிசேரியன் என்றா. வேறு? குரலைத் தாழ்த்தினா. இருமினால், தும்மினால் அடக்க ஏலாமல் சலம், அதுதான் சிறுநீர், போகிறதென்று வெளி மாவட்டமொன்றில் சின்ன ஒப்பரேசன் செய்ததாம். அது நல்லாய்ப் பலித்ததால் அதை ஒரு ஒப்பரேசன் கணக்கிலேயே அவா சேர்க்கவில்லை. உள்ளுக்குள் ஏதும் வைத்தார்களா என்று கேட்டேன்.

"ஏதோ டேப் எண்டவை."

சலக்குழாயைத் தாங்கிப் பிடிக்க வைக்கிற பிளாஸ்டிக் வலை நாடா அது. எக்ஸ்ரேயில் தெரியாது. சிலருக்குச் சதையை அரித்துக்கொண்டு வெளியே வரும். சலப்பைக்குள் போயிருந்தால் இன்னும் கரைச்சல்.

தாதி மிஸ்ஸைக் கூப்பிட்டுத் திரைக்குப் பின்னால் பரிசோதித்தேன். யோனியின் முன்பக்கச் சுவரில் விரலுக்குத் தட்டுப்பட்டது, வெட்டின மீன்பிடித் தங்கூசி நைலோன் நூலின் முனை மாதிரி. வீட்டுக்காரரோடு இருக்கும்போது நோகிறதா என்று கேட்டதும் அழத் தொடங்கிவிட்டா.

"அவர் கிட்டவே வாறேல்லை டொக்டர். வெள்ளை பட்டு நாறுதெல்லோ, அருவருக்கிறார்."

மனுசன் வெளியில்தான் நின்றார். லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுகிறவர். உள்ளே கூப்பிட்டால் என் முகத்தைப் பார்க்கிறாரில்லை. இஞ்ச வெட்கப்பட்டு வேலையில்லை, உள்ளதைச் சொல்லுங்கோ என்று அதட்டினேன். தனக்கும் குத்தினதாம்.

"நான்தான் அந்தப் பீஸை அசைச்சுப்போட்டன் எண்டு நினைச்சன். இன்னும் அசைஞ்சா இவள் செத்துப்போடுவாள் எண்ட பயம்."

தவமலர் அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பீஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது, குத்துவது டேப் என்று இரண்டு பேருக்கும் விளங்கப்படுத்தினேன். வெட்டியெடுத்தால் பழையபடி சலம் போகலாம் என்பதையும் ஒளிக்கவில்லை. அந்தக் கரைச்சலால் கலியாண வீடு, பஸ் பயணம் எல்லாவற்றையும் விட்டிருந்தவ தவமலர்.

மனுசன்தான் மறுமொழி சொன்னார். "சீலை நனைஞ்சாத் தோய்க்கலாம்."

வவுனியாவுக்கு அனுப்பினேன். அங்கே சலப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல காலம், டேப் அதுவரை போகவில்லை. வெளியே வந்த பகுதியை வெட்டியெடுத்துத் தைத்துவிட்டார்கள்.

இப்போது கிளினிக்கில் இருக்கிற இளம் டொக்டர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உள்ளுக்கு என்ன கிடக்கிறது என்று கேட்டால் எங்கட சனம் செல் பீஸைத்தான் சொல்லும். வைத்தியர்மார் வைத்ததையும் கேளுங்கோ. படம் பார்த்ததோடு நிற்காமல் கையாலும் பாருங்கோ. புருசன் வெளியில் நின்றால், அவா சம்மதித்தால், அவரையும் கூப்பிடுங்கோ.

பிறகு ஒருநாள் தவமலர் காட்ட வந்தா. சலம் எப்படி என்று கேட்டேன். பலமாக இருமினால் கொஞ்சம் போகிறதாம், சமாளிக்கிறாவாம். நோவு இல்லையாம். வேறு குறை ஏதும் உண்டா என்று கேட்டதற்குச் சலித்துக்கொண்டா.

"நித்திரைதான் இல்லை டொக்டர். அந்தாள் காதுக்குள்ள குறட்டை விடுறார்."