கடைத்தெருவைத் தொடாத வழி

காரைக்காலுக்குப் புறவழிச் சாலை பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகுதான் வந்தது என்று ஆண்கள் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். பெண்களுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. எங்கள் முஸ்லிம் தெருக்களில் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கொல்லைச் சந்து ஓடியது. அதில் ஆண்கள் கால் வைக்க மாட்டார்கள். கல்யாண வீடோ துக்க வீடோ, நாங்கள் அதிலேயே போய் அதிலேயே திரும்பிவிடலாம். கடைத்தெரு மட்டும் அந்த வழியில் கிடையாது. இதே ஊரில் பிறந்து பேரன் எடுத்துவிட்ட என் உம்மா, கடைத்தெருவைப் பார்த்ததே இல்லை. "மிட்டாய்க் கடையில கண்ணாடிப் பெட்டி வச்சிருக்காமே, எவ்ளோ பெருசு?" என்று மீன்காரியைத் துளைத்தெடுப்பாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். சின்ன வயதில் வாப்பாவின் தோளில் உட்கார்ந்து போயிருக்கிறேனாம், ஒன்றும் ஞாபகமில்லை.

கடைத்தெருவில் பஸ்ஸும் லாரியும் சிக்கித் திணறுகின்றன என்று ஊருக்கு வெளியே மண்ணை உயர்த்தி ஒரு புது ரோடு போட்டார்கள். அது எங்கள் கொல்லைச் சந்துக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. இந்தப் பக்கம் எங்கள் வீடு. அந்தப் பக்கம் என் லாத்தாவின் வீடு. அக்காவை நாங்கள் லாத்தா என்போம். மச்சான் வியாபாரத்துக்குச் சைகோன் போயிருந்ததால் லாத்தா கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். உம்மா அங்கே போகாத நாள் கிடையாது.

வாப்பா நாலு பெரியவர்களோடு போய் இன்ஜினியரைப் பார்த்தார். மழைத் தண்ணீர் போக ரோட்டுக்கு அடியில் மதகு கட்டத்தான் போகிறோம், ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டால் பெண்களும் நடக்கலாமே என்றாராம் இன்ஜினியர். வாப்பா சண்டையில் ஜெயித்து வந்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

அந்த மதகை நாங்கள் சுரங்கம் என்றோம். உள்ளே நின்று சுவரில் காதை வைத்தால் மேலே போவதெல்லாம் கேட்கும். மாட்டு வண்டிக்கு ஒரு சத்தம், லாரிக்கு ஒரு சத்தம். உம்மாவும் பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடியே காது கொடுப்பாள். "இது நாகப்பட்டினம் பஸ்ஸுடி" என்பாள். சரியா தப்பா என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது.

ஐப்பசி மழை வந்தது. மதகு மதகின் வேலையைச் செய்தது. சுரங்கம் முழுக்கத் தண்ணீர். அதற்கு முந்தின நாள்தான் லாத்தாவின் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. வாப்பா சரக்கெடுக்க நாகப்பட்டினம் போனவர் மழையில் மாட்டிக்கொண்டார். மீன்காரியும் வரவில்லை. பிள்ளைக்கு எப்படி இருக்கிறதென்று சொல்ல ஆளே இல்லை. உம்மா கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பிறகு வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ரோட்டு மேலயாம்மா? யாராச்சும் பாத்தா?"

"பாத்துட்டுப் போறாங்க. எம் பேரன் அங்க கெடக்கான். நீயும் வா, தனியா ஏறுனா எனக்குக் காலு நடுங்கும்."

சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறினோம். அவ்வளவு நாள் காதால் மட்டும் தெரிந்த ரோடு, கறுப்பாக நனைந்து கிடந்தது. எங்கே போய் முடிகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. அதற்குள் எதிர்ச்சரிவில் ஒரு தலை தெரிந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லாத்தாவும் ஏறிக்கொண்டிருந்தாள்.

நடு ரோட்டில் சந்தித்தோம். "கண்ணே தொறக்க மாட்டேங்குறாம்மா" என்று லாத்தா அழுதாள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. முன் சீட்டில் வாப்பா! நான் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அவர் இறங்கி வாயைத் திறப்பதற்குள் உம்மா முந்திக்கொண்டாள். "அப்புறமா திட்டுங்க. மொதல்ல புள்ளயப் பாருங்க."

வாப்பா பிள்ளையின் கழுத்தில் கை வைத்தார். முகம் மாறிவிட்டது. பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார்.

"முன்னாடி இருக்கவங்க கொஞ்சம் எந்திரிங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க ஏறுறாங்க."

"ஆஸ்பத்திரிக்குத்தானே பாய்? கடைத்தெரு வழியாவே விட்டுர்றேன், ஏறுங்க" என்றார் டிரைவர்.

ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். அடுக்கி வைத்த துணிகள், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடும் ஆட்கள், இன்னும் அழிக்காத பிரெஞ்சுப் பலகை ஒன்று. கண்ணாடிப் பெட்டியையும் பார்த்தேன், நினைத்ததைவிடச் சின்னது. எல்லாமே எனக்கு அதிசயமாக இருந்தது, அப்படிப் பார்க்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. உம்மா ஓதிக்கொண்டே பிள்ளையின் நெஞ்சில் கை வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வெகுநேரம் கழித்துப் பிள்ளைக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதான். உம்மா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, கடைத்தெரு வழியாப் போறோம்னாரே டிரைவரு. அது எங்க?"

"அது அப்பவே போயிருச்சும்மா."

"திரும்பிப் போறப்ப பாத்துக்கலாம்மா" என்றேன். தலையாட்டினாள்.

வெளியே வந்தோம். பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது, எங்களுக்கும் கூச்சமாக இருக்கும் என்று, வாப்பா எங்கேயோ அலைந்து நாலு பக்கமும் திரை கட்டிய குதிரை வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.