ஒட்டுப்புல்லின் இடது கண்

மனிதகுலத்துக்குச் செய்யும் தொண்டுகளில் பலவற்றுக்குச் சிலை உண்டு. அடுத்தவர் சிறுநீர் கழிப்பதை இமைக்காமல் பார்க்கும் தொண்டுக்கு மட்டும் இதுவரை யாரும் வைக்கவில்லை. வைப்பதானாலும் எந்தக் கோணத்தில் வைப்பது என்ற சிக்கல் இருக்கிறது.

சைக்கிள் பந்தயங்களில் பதினொரு வருடமாக அந்த வேலையைச் செய்தவரை எல்லோரும் ஒட்டுப்புல் என்றே அழைத்தார்கள். ஊக்கமருந்துச் சோதனைக்கு ஒரு வீரனைக் குறித்துவிட்டால், அவன் முடிவுக்கோட்டைத் தாண்டும் நொடியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். சோதனை அறையில் குப்பி நிரம்பி முத்திரை விழும்வரை அவனைக் கண்ணிலிருந்து விடக் கூடாது. பார்வை தவறினால் வீரன் சோதனைக்குத் தப்பியதாகவே எழுதுவார்கள். அவனுக்கு நான்கு வருடம் தடை. இந்தத் தொழிலில் அவர் சம்பாதித்தவை, ஓர் அணியின் மசாஜ்காரர் உடைத்த இரண்டு பற்கள், காற்றடிக்கும் பம்பால் கோணலான மூக்கு, “வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே மனுஷன்” என்று மனைவி சூட்டிய பட்டம்.

அன்று மலைப் பந்தயத்தின் கடைசி நாள். வெட்டுக்கிளி என்ற குச்சிக்கால் வீரன் ஆறு நிமிட இடைவெளியில் வென்றான். போன வருடம் இதே மலையில் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தவன். அப்போது அவன் வேலை அணித் தலைவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமப்பது. இந்த வருடம் தலைவன் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டதால், முதன்முறையாகத் தனக்காக மிதித்தான். இவ்வளவு எளிய காரணம் யாருக்குத்தான் பிடிக்கும்? “மருந்து போட்டிருக்கான்யா!” என்று கைதட்டியபடியே கூட்டம் தீர்ப்பு வழங்கியது.

அணியின் மெக்கானிக்கான அவனுடைய சொந்த அண்ணனும் அதே முடிவுக்கு வந்தார். உடன்பிறந்த பாசம் பொல்லாதது; சந்தேகத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். தன் சுத்தமான சிறுநீரை ஒரு பையில் பிடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கூட்டாளிகளிடம் சொன்னார்: “ரெண்டே நிமிஷம் அந்த ஆள மறைங்கடா. பையத் தம்பிகிட்ட குடுத்துடறேன். அடி வாங்கிக் கண்ண விட்டுட்டேன்னு அவனே வெளிய சொல்லவா போறான்?”

சோதனை அறைக்குப் போகும் குறுகலான நடையில் முதல் அடி விழுந்தது. சைக்கிள் சங்கிலி, முதுகில். இரண்டாவது காதில். அடி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது மனித இயல்பு. விதிமுறையில் மனித இயல்புக்கு இடமில்லை. ஒட்டுப்புல் திரும்பவில்லை.

வெட்டுக்கிளி அலறினான். “அண்ணா, விடுண்ணா! நான் எதுவும் போடலண்ணா!”

“தெரியும்டா. அதையே சத்தமா சொல்லிட்டிரு!” என்று அண்ணன் ஊக்கப்படுத்தினார்.

“சார், கண்ண மூடிடாதீங்க சார்! உங்க கால்ல விழறேன்!”

“விழாதப்பா. குனிஞ்சா தெரியாது. நேரா நில்லு,” என்றார் ஒட்டுப்புல், வாயில் ரத்தத்தோடு.

அண்ணன் வீசிய ஸ்பேனர் அவருடைய இடது கண்ணில் இறங்கியது. நத்தையை மிதித்தது போன்ற சத்தம். கீழே சரிந்தவரின் விலாவில் கூட்டாளிகள் இரண்டு பேரின் பூட்ஸும் முறைவைத்து விழுந்தன. அவர் தரையில் கிடந்தபடியே, கால்களின் இடுக்கு வழியாக, மிச்சமிருந்த கண்ணால் வெட்டுக்கிளியைப் பிடித்து வைத்திருந்தார்.

அப்போதுதான் வெட்டுக்கிளி தன் ஹெல்மெட்டைக் கழற்றி அண்ணன் வாயில் அடித்தான். மூன்று அடி. அண்ணன் இடுப்பிலிருந்த பை வெடித்து, பாசம் முழுவதும் நடையில் ஓடியது. கூட்டாளிகள் அதில் வழுக்கி விழுந்தார்கள். பிறகு வெட்டுக்கிளி ஒட்டுப்புல்லின் சட்டைக் காலரைப் பிடித்து, அவர் பார்வை தன் மேலேயே இருக்கும்படி பின்னோக்கி நடந்து, அறைக்குள் இழுத்துச் சென்றான். கள்ளன் என்று பெயரெடுத்தவன் காவலரைக் கைதுசெய்து கொண்டுபோன காட்சி அது.

உள்ளே டாக்டர் பதறினார். “உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், கண்ணு போயிடும்!”

“இவன் போனப்புறம் நான் போறேன்.”

ஐந்து மணி நேரம் மலையில் வியர்த்தவனுக்குச் சொட்டு வரவில்லை. கதவை வெளியிலிருந்து அண்ணன் இரும்பால் இடித்துக்கொண்டிருந்தார்.

“வருதா?”

“பயத்துல வர மாட்டேங்குது சார்.”

“அடி வாங்கினது நான். பயம் உனக்கா? தண்ணியக் குடிடா!”

இரண்டு மணி நேரம். ஆறு பாட்டில் தண்ணீர். தொண்ணூறு மில்லி வந்து முத்திரை விழுந்ததும் ஒட்டுப்புல் வலது கண்ணை மூடினார். இடது கண் அதன்பின் எதையும் பார்க்கவில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது: மருந்து எதுவும் இல்லை. ‘சோதனையில் சிக்காத புதிய மருந்தா?’ என்று பத்திரிகைகள் கவலைப்பட்டன.

முடிவு வந்த அன்று மாலையே ஆறு தையல் போட்ட உதட்டோடு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிள் பையை வைத்தார். “மன்னிச்சிடுங்க சார். தம்பிய நம்பாம போயிட்டேன்.”

“பரவால்ல, உக்காருங்க.”

அண்ணன் உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார். “பக்கத்துலயே இருந்து பாத்தவரு நீங்க. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அது என்ன மருந்து சார்? அணியில இன்னும் ஏழு பேர் இருக்கானுங்க.”

கட்டிலுக்கடியில் நோயாளிகளுக்கு வைக்கும் எஃகுச் சிறுநீர்க் குடுவை, அன்றைய பணி முடிந்து நிறைந்திருந்தது. ஒட்டுப்புல் அதை எடுத்து அண்ணன் தாடையில் அறைந்தார். தையல் ஆறும் பிரிந்தன.

அண்ணன் எழுந்து முகத்தைத் துடைத்தார். கண்கள் பளபளத்தன. “அப்ப இருக்கு! இல்லேன்னா உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?”

ஒட்டுப்புல் இன்னொரு முறை ஓங்கினார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடவில்லை. இந்த அடி மூக்கில் விழுந்தது.